ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள், மூன்று அணிகளின் கதி: 2024-இல் மெட்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைந்த கணக்கு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டியின் 2024 சீசன், அட்டவணைப்படி செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேஷனல் லீக் பிரிவில், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குச் செல்லும் கடைசி இரண்டு அணிகள் எவை என்பது அன்றிரவும் முடிவாகவில்லை. மறுநாள் திங்கட்கிழமை அட்லாண்டாவின் ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்தில் நியூயார்க் மெட்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட முதல் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் வரை ஓட்டமே எடுக்காமல் 0-3 எனப் பின்தங்கியிருந்த மெட்ஸ், கடைசி இரண்டு இன்னிங்ஸில் இருமுறை முன்னிலைக்கு வந்து 8-7 என வென்று தகுதி பெற்றது. அந்த மாலையின் பரபரப்பைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஒரு வெற்றியால் மூன்று அணிகளின் தலைவிதி எப்படித் தீர்மானமானது, அந்த வெற்றிக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்பதே இங்கு விளக்க வேண்டியது.

முதலில் போட்டியின் அமைப்பு. மேஜர் லீக்கில் உள்ள 30 அணிகள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று பதினைந்து பதினைந்தாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு லீக்கிலும் மூன்று டிவிஷன்கள் உண்டு. ஒவ்வோர் அணியும் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2022 முதல் நடப்பிலுள்ள முறைப்படி, ஒவ்வொரு லீக்கிலிருந்தும் மூன்று டிவிஷன் சாம்பியன்களும், மீதமுள்ளவற்றில் அதிக வெற்றி பெற்ற மூன்று அணிகளும் பிளேஆஃபுக்குச் செல்கின்றன. இந்தப் பின்னைய மூன்றையே வைல்டு கார்டு அணிகள் என்கிறார்கள். 2024-இல் நேஷனல் லீக்கில் டாட்ஜர்ஸ், பிலீஸ், புரூவர்ஸ் ஆகியவை டிவிஷன்களை வென்றன. சான் டியகோ பாட்ரேஸ் 93 வெற்றிகளோடு முதல் வைல்டு கார்டு இடத்தைப் பிடித்தது. எஞ்சிய இரண்டு இடங்களுக்கு மெட்ஸ், பிரேவ்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் என்ற மூன்று அணிகள் போட்டியில் நின்றன.

திங்கட்கிழமை காலையில் நிலவரம் இதுதான். அரிசோனா தன் 162 ஆட்டங்களையும் ஆடி முடித்து 89 வெற்றி, 73 தோல்வி என்று நின்றது. மெட்ஸும் பிரேவ்ஸும் தலா 160 ஆட்டங்களில் 88 வெற்றி, 72 தோல்வி. இரண்டு ஆட்டங்களையும் ஒரே அணி வென்றால் அந்த அணி 90 வெற்றிகளோடு உள்ளே செல்லும், இரண்டிலும் தோற்ற அணி 88 வெற்றிகளோடு வெளியேறும், அரிசோனா தப்பிக்கும். ஆளுக்கொன்று வென்றால் மூன்று அணிகளும் 89-73 என்று சமமாகும்; அப்போது அரிசோனாதான் வெளியேற வேண்டும். ஏன் அரிசோனா என்பதில்தான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

இரண்டு அணிகள் ஒரே வெற்றி எண்ணிக்கையில் நின்று ஓர் இடத்துக்கு மோதினால், அவற்றுக்கிடையே கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்து முடிவு செய்வது பேஸ்பாலின் நெடுங்கால வழக்கம். பின்னாளில் இதை ‘ஆட்டம் 163’ என்று அழைத்தார்கள். 1978-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஓட்டம் எடுக்கும் அடி), 2007-இல் கொலராடோ ராக்கீஸ் பதின்மூன்று இன்னிங்ஸ் ஆடி பாட்ரேஸை வீழ்த்திய இரவு ஆகியவை எல்லாம் இந்த வழக்கம் தந்தவை. கடைசியாக 2018 அக்டோபர் 1 அன்று ஒரே நாளில் இப்படிப்பட்ட இரண்டு ஆட்டங்கள் நடந்தன. பிளேஆஃபை விரிவாக்கிய 2022-ஆம் ஆண்டு ஏற்பாடு இந்த வழக்கத்தைக் கைவிட்டது. கூடுதல் சுற்று வந்ததால் நாள்காட்டியில் இடம் இல்லை என்பது காரணம். ஆக, சமநிலையை இப்போது களத்தில் தீர்ப்பதில்லை. ஏற்கெனவே நடந்து முடிந்த ஆட்டங்களின் கணக்கைப் பார்த்துத் தீர்க்கிறார்கள்.

அந்தக் கணக்கின் முதல் விதி, சமமான அணிகள் அந்த சீசனில் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் அதிகம் வென்றார்கள் என்பது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான நிகர ஓட்ட விகிதம் போன்ற ஒன்று இங்கே கிடையாது. 2024-இல் மேஜர் லீக்கிலேயே அதிகமாக 886 ஓட்டங்கள் எடுத்த அணி அரிசோனா. அந்தக் குவியலால் சமநிலையில் அதற்கு ஒரு பயனும் இல்லை. பிரேவ்ஸுடனும் மெட்ஸுடனும் நேருக்கு நேர் கணக்கில் அது பின்தங்கியிருந்தது. பிரேவ்ஸ் விஷயத்தில் ஏப்ரலிலேயே அட்லாண்டாவில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதால் தொடக்கமே சறுக்கல். மெட்ஸ் விஷயத்தில் கதை இன்னும் நுட்பமானது.

அந்த இரு அணிகளும் 2024-இல் ஏழு முறை மோதின. முதல் நான்கு ஆட்டங்கள் மே 30 முதல் ஜூன் 2 வரை நியூயார்க்கில் நடந்தன. மெட்ஸின் அந்த ஆண்டின் மிக மோசமான காலம் அது. மே 29 அன்று டாட்ஜர்ஸிடம் தோற்று 22-33 என்ற நிலைக்குச் சரிந்தபோது, அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாளர்) பிரான்சிஸ்கோ லிண்டோர் வீரர்களை மட்டும் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். மறுநாள் தொடங்கிய அரிசோனா தொடரில் முதல் இரண்டை மெட்ஸ் வென்றது, அடுத்த இரண்டில் தோற்றது. ஜூன் 2 இரவில் அணி 24-35 என்று நின்றது. அந்த நேரத்தில் இந்த 2-2 சமநிலையைப் பற்றி யோசித்தவர்கள் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். மெட்ஸ் எந்தெந்த வீரர்களை ஜூலையில் விற்கும் என்பதே அப்போதைய பேச்சு.

மீதி மூன்று ஆட்டங்கள் ஆகஸ்ட் 27 முதல் 29 வரை அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்தன. முதல் ஆட்டம் மெட்ஸுக்கு. இரண்டாம் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது, அரிசோனாவின் கார்பின் கேரல் மெட்ஸின் முதன்மைக் க்ளோசர் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்க இறங்கும் பந்து எறிபவர்) எட்வின் டியாஸின் பந்தில் நான்கு ஓட்டங்கள் தரும் ஹோம் ரன்னான கிராண்ட் ஸ்லாம் அடித்தார். அரிசோனா 8-5 என வென்று கணக்கை 3-3 ஆக்கியது. ஆகஸ்ட் 29 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தை மெட்ஸ் 3-2 என்ற ஒற்றை ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. நேருக்கு நேர் கணக்கு 4-3. வியாழக்கிழமை ஒன்றில், சீசனில் இன்னும் ஒரு மாதம் மீதமிருக்கும்போது நடந்த அந்த ஆட்டத்தை, செயலில் ‘ஆட்டம் 163’ என்றே சொல்லலாம். ஆடியவர்களுக்கு அது அப்போது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று தொடங்கிய வெற்றி வரிசை ஒன்பது ஆட்டங்கள் நீடித்தது என்பதையும், அதில் மூன்று அந்த ஆண்டு 121 தோல்விகளைச் சந்தித்த சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராகக் கிடைத்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் அட்டவணை மாற்றத்தின் பங்கும் உண்டு. 2022 வரை ஓர் அணி தன் டிவிஷனுக்குள் உள்ள ஒவ்வொரு அணியோடும் 19 முறை ஆடியது. 2023 முதல் ஒவ்வோர் அணியும் மற்ற 29 அணிகளோடும் ஆட வேண்டும் என்ற ஏற்பாடு வந்ததால் அது 13 ஆகக் குறைந்தது. ஒரே லீக்கின் வேறு டிவிஷன் அணிகளோடு ஆறோ ஏழோ ஆட்டங்கள்தாம். பத்தொன்பது ஆட்டங்களில் யார் மேல் என்பது ஓரளவு திறமையைச் சொல்லும். ஏழில் நான்கா மூன்றா என்பது பெரும்பாலும் ஓர் இரவின் அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட சிறு கணக்கை ஒரு சீசனின் தீர்ப்பாக வைப்பது சரிதானா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் களத்தில் ஆடிப் பெற்ற முடிவு என்ற வகையில், நாணயம் சுண்டுவதைவிட அது மேலானது.

இனி அந்தத் திங்கட்கிழமை ஏன் வந்தது என்பது. மெட்ஸும் பிரேவ்ஸும் செப்டம்பர் 24 முதல் 26 வரை அட்லாண்டாவில் மூன்று ஆட்டங்கள் ஆடுவதாக இருந்தது. முதல் ஆட்டத்தை பிரேவ்ஸ் 5-1 என வென்றது. அதற்குள் மேற்குக் கரீபியக் கடலில் உருவாகிய ஹெலீன் சூறாவளி மெக்சிகோ வளைகுடா வழியாகப் புளோரிடாவை நோக்கி வந்தது. செப்டம்பர் 26 இரவில் அது கரையைக் கடந்து ஜார்ஜியா மாநிலத்தின் ஊடாகச் சென்றது. மீதி இரண்டு ஆட்டங்களும் ஒத்திவைக்கப்பட்டன. மழை வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தும், செவ்வாய்க்கிழமையே இரண்டு ஆட்டங்களை நடத்தியிருக்கலாம் அல்லது இடத்தை மாற்றியிருக்கலாம் என்ற விமர்சனம் லீக் நிர்வாகத்தின் மீதும் பிரேவ்ஸின் மீதும் எழுந்தது. அந்த விமர்சனம் தவறென்று சொல்ல முடியவில்லை. மற்ற எல்லா அணிகளும் ஆடி முடித்த பிறகு, தேவை இருந்தால் மட்டும் ஆடுவது என்று இரண்டு ஆட்டங்களைத் தள்ளிவைத்ததன் விளைவாக, மூன்றாவது அணியின் கதி முழுக்க முழுக்க மற்ற இரண்டின் கையில் போய்விட்டது.

இங்கே நிகழ்தகவைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒவ்வோர் ஆட்டமும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ளது என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கொன்று வெல்வதற்கும் ஒரே அணி இரண்டையும் வெல்வதற்கும் வாய்ப்பு சமம். அதாவது ஏட்டளவில் அரிசோனாவுக்கு 50 விழுக்காடு. நடைமுறையில் அது அவ்வளவு இல்லை. முதல் ஆட்டத்தை வென்ற அணி அந்தக் கணமே தகுதி பெற்றுவிடும். அடுத்த நாளே, அதாவது அக்டோபர் 1 அன்றே, வேறொரு நகரில் பிளேஆஃப் ஆட வேண்டிய அந்த அணி இரண்டாம் ஆட்டத்தில் தன் சிறந்த பந்து எறிபவர்களைச் செலவழிக்காது. தோற்ற அணியோ வாழ்வா சாவா என்று ஆடும். ஆகவே இரண்டாம் ஆட்டம் தோற்ற அணியின் பக்கம் சாய்ந்தே தொடங்கும். முதல் ஆட்டத்தின் வெற்றிதான் இரண்டாம் ஆட்டத்தின் தன்மையையே மாற்றியது. செப்டம்பர் 30 மாலையின் முக்கியத்துவம் அதுவே.

அந்த முதல் ஆட்டத்துக்கு வருவோம். பிரேவ்ஸின் இளம் பந்து எறிபவர் ஸ்பென்சர் ஷ்வெல்லன்பாக் ஏழு இன்னிங்ஸ் வரை மெட்ஸை ஓட்டமின்றி அடக்கி வைத்தார். எட்டாவது இன்னிங்ஸில் டைரோன் டெய்லர் அவரது பந்தில் ஓர் இரட்டை (அடித்தவர் இரண்டாம் தளம்வரை செல்லும் அடி) அடித்தவுடன் அவரை வெளியே எடுத்தார்கள். அணை உடைந்தது அங்கேதான். பிரேவ்ஸின் துணைப் பந்து எறிபவர்களால், அந்த ஆண்டு முழுவதும் சிறப்பாக எறிந்த ரைசெல் இக்லேசியஸ் உட்பட, மெட்ஸின் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை. பிரண்டன் நிம்மோவின் இரண்டு ஓட்ட ஹோம் ரன்னோடு அந்த இன்னிங்ஸில் மெட்ஸ் ஆறு ஓட்டங்கள் குவித்து 6-3 என்று முன்னேறியது.

பிறகு நடந்தது மெட்ஸ் ரசிகர்களுக்கு மிகவும் பழகிய காட்சி. எட்டாவது இன்னிங்ஸின் பின்பாதியில் முன்கூட்டியே அழைக்கப்பட்ட டியாஸ், தரையோடு உருண்ட ஒரு பந்துக்கு முதல் தளத்தைக் காக்க ஓடத் தவறினார். அவுட் ஆகியிருக்க வேண்டியவர் தப்பினார். அந்தத் தவறுக்குப் பின்னால் ஓசி ஆல்பீஸ் தளங்களில் நின்ற மூன்று பேரையும் ஓட்டமெடுக்க வைத்த ஓர் இரட்டை அடித்தார். அந்த இன்னிங்ஸின் இன்னோர் ஓட்டத்தையும் சேர்த்து பிரேவ்ஸ் 7-6. ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்டார்லிங் மார்டே ஒரு தளத்தை எட்ட, பியர்ஸ் ஜான்சன் எறிந்த பந்தை லிண்டோர் வலதுமையப் பகுதிக்கு மேலாக வெளியே அனுப்பினார். 8-7. முதுகு வலியால் செப்டம்பர் நடுவில் பல ஆட்டங்களைத் தவறவிட்டு, மூன்று நாட்களுக்கு முன்புதான் அணிக்குத் திரும்பியிருந்தவர் அவர். கடைசி இன்னிங்ஸையும் டியாஸிடமே ஒப்படைத்த மேலாளர் கார்லோஸ் மென்டோசாவின் முடிவைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், வேறு நம்பகமான ஆள் இல்லாத நிலை என்றும் சொல்லலாம். டியாஸ் இந்த முறை முடித்துக் கொடுத்தார்.

இந்த வெற்றிக்கு மெட்ஸ் வரலாற்றில் இன்னொரு பின்புலமும் உண்டு. 2022-இல் மெட்ஸ் 101 ஆட்டங்களில் வென்றது. பிரேவ்ஸும் 101. சீசனின் கடைசி வாரத்தில் இதே அட்லாண்டா மைதானத்தில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதால் நேருக்கு நேர் கணக்கு 10-9 என்று பிரேவ்ஸின் பக்கம் சாய்ந்து, மெட்ஸ் டிவிஷனை இழந்து, வைல்டு கார்டு சுற்றில் பாட்ரேஸிடம் வீழ்ந்தது. புதிய சமநிலை விதியின் முதல் பெரிய பலி என்று அந்த மெட்ஸ் அணியைச் சொல்வது மிகையாகாது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே விதி அவர்களுக்குக் கை கொடுத்தது.

பிரேவ்ஸுக்கு 2024 ஒரு காயங்களின் ஆண்டு. 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு முறை டிவிஷனை வென்ற அணி அது. ஏப்ரலில் முதன்மைப் பந்து எறிபவர் ஸ்பென்சர் ஸ்ட்ரைடரை முழங்கைக் காயத்தால் இழந்தது; மே இறுதியில் ரொனால்ட் அகுன்யா ஜூனியரின் முழங்கால் தசைநார் கிழிந்தது; ஆகஸ்டில் ஆஸ்டின் ரைலியின் கை எலும்பு முறிந்தது. இந்த நிலையிலும் அணியைத் தாங்கிப் பிடித்தவர் கிறிஸ் சேல். வெற்றிகள், ஸ்டிரைக் அவுட்கள் (அடிப்பவரை மூன்று ஸ்டிரைக்குகளில் வெளியேற்றுவது), விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி என்று நேஷனல் லீக்கின் மூன்று முக்கியப் பட்டியல்களிலும் முதலிடம் பெற்று அந்த ஆண்டின் சிறந்த பந்து எறிபவருக்கான சை யங் விருதை வென்றவர். இரண்டாம் ஆட்டத்தில் அவர் எறிவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, முதுகுப் பிடிப்பால் அவரால் ஆட முடியாது என்ற செய்தி வந்தது. கிராண்ட் ஹோம்ஸ் அவருக்குப் பதிலாக இறங்கினார்.

தகுதியை ஏற்கெனவே உறுதி செய்துவிட்ட மெட்ஸ், அந்த ஆண்டின் பெரும்பகுதியைக் கீழ்நிலை லீக்கில் கழித்த ஜோயி லுக்கேசியை எறிய வைத்தது. பிரேவ்ஸ் 3-0 என வென்றது. மூன்று அணிகளும் 89-73. பிரேவ்ஸ் ஐந்தாம் தரவரிசையிலும் மெட்ஸ் ஆறாம் தரவரிசையிலும் உள்ளே சென்றன. அரிசோனா வெளியே.

மெட்ஸ் இரண்டாம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது என்று குற்றம் சாட்டுவது எளிது, ஆனால் அது சரியல்ல. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விமானம் ஏறி புரூவர்ஸின் ஊரான மில்வாக்கி சென்று ஆட வேண்டிய ஓர் அணி தன் சக்தியைச் சேமித்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. சொல்லப்போனால் லுக்கேசி நன்றாகவே எறிந்தார், மெட்ஸால் ஓட்டம்தான் எடுக்க முடியவில்லை. குறை இருந்தது அமைப்பில்: ஓர் அணி எல்லாவற்றையும் பணயம் வைத்து ஆட, மற்றதற்கு இழக்க ஏறக்குறைய எதுவும் இல்லாதபடி, மூன்றாவது அணி வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்படி ஆட்டங்கள் அமைந்துவிட்டன.

அரிசோனாவின் வருத்தத்துக்கு அந்த அணியும் பொறுப்பு. முந்தைய 2023 சீசனில் 84 வெற்றிகளோடு கடைசி இடத்தில் நுழைந்து, இரு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரான உலகத் தொடர் வரை சென்றது அதே அணி. 2024-இல் ஐந்து வெற்றிகள் கூடுதலாகப் பெற்றும் வாசலில் நின்றுவிட்டது. செப்டம்பர் 22 அன்று மில்வாக்கியில் 8-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தை 10-9 எனக் கோட்டைவிட்டது அவர்களே. அந்த ஒரு வெற்றி கையில் இருந்திருந்தால் 90-ஐத் தொட்டு, அட்லாண்டாவில் யார் வென்றாலும் கவலைப்படாமல் இருந்திருக்கலாம். ஆளுக்கொன்று வென்ற நிலையில் வெளியேறியிருக்க வேண்டியது மெட்ஸ்தான், ஏனெனில் பிரேவ்ஸுடனான நேருக்கு நேர் கணக்கில் மெட்ஸ் பின்னால்.

தகுதி பெற்ற இரண்டு அணிகளும் அந்த நாளின் களைப்பை வெவ்வேறு விதமாகச் சுமந்தன. சேல் இல்லாத பிரேவ்ஸ் சான் டியகோவில் 4-0, 5-4 என இரண்டு நாட்களில் தோற்று வெளியேறியது. மெட்ஸ் மில்வாக்கியில் மூன்றாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் தோல்வியின் விளிம்பில் நின்றபோது பீட் அலோன்சோ மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து அணியைக் காப்பாற்றினார். அடுத்த சுற்றில் பிலீஸை 3-1 என வென்று, லீக் இறுதிச் சுற்றில் டாட்ஜர்ஸிடம் 4-2 எனத் தோற்றது. கடைசி நாளில் நுழைந்த அணி உலகத் தொடருக்கு இரண்டு வெற்றிகள் தொலைவு வரை சென்றதால், ஆறு அணிகளை அனுமதிக்கும் முறையை ஆதரிப்பவர்களுக்கு அது நல்ல சான்றாயிற்று.

விதி மாறவில்லை. 2025-இல் ஜூன் நடுவில் மேஜர் லீக்கிலேயே சிறந்த கணக்கோடு 45-24 என்று இருந்த மெட்ஸ், அதன் பிறகு சரிந்து, செப்டம்பர் 28 அன்று கடைசி ஆட்டத்தில் மயாமியிடம் 4-0 எனத் தோற்று 83-79 என்று முடித்தது. சின்சினாட்டி ரெட்ஸும் அன்று தோற்று அதே 83-79. நேருக்கு நேர் ஆறு ஆட்டங்களில் நான்கை ரெட்ஸ் வென்றிருந்தது. பிளேஆஃபின் கடைசி இடம் அவர்களுக்குச் சென்றது.